கிழிந்த நாட்காட்டியும் 31 கோலும்: வியட்நாம் வி-லீக் 2023–24

வியட்நாமின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான வி-லீக்கை 2023–24 சீசனில் நாம் டின் வென்றது. ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே பட்டம் உறுதியாகிவிட்டது. அந்த ஊர் அதற்கு முன் தேசிய சாம்பியன் ஆனது 1985-இல். அப்போது அணியின் பெயர் 'கோங் ஙியெப் ஹா நாம் நின்'. ஹா நாம் நின் மாகாணத்துத் தொழில்துறை அணி என்று அர்த்தம். இடையில் 39 வருஷம். அந்த மாகாணமே பிற்பாடு உடைந்து ஹா நாம், நாம் டின், நின் பின் என்று மூன்றாகிவிட்டது.

39 வருஷக் காத்திருப்பு என்பது தலைப்புச் செய்திக்கு நல்ல தீனி. சீசன் ஏன் அப்படிப் போனது என்று புரிந்துகொள்ள அது உதவாது. 2018-லிருந்து 2023 வரை வி-லீக் பட்டம் ஹனோய் நகர எல்லையைத் தாண்டவே இல்லை. 2018, 2019, 2022 மூன்றும் ஹனோய் எஃப்.சி.க்கு, 2020 ராணுவப் பரம்பரையில் வந்த வியட்டெலுக்கு, 2023 காவல்துறையின் கோங் ஆன் ஹனோய்க்கு. 2021 சீசன் கொரோனாவால் 12 சுற்றோடு ரத்தாகி, சாம்பியனே இல்லாமல் முடிந்தது. இப்படி ஒரே நகரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த பட்டம், தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாம் டின்னுக்கு எப்படிப் போனது?

ரஃபேல்சன் என்ற பிரேசில் ஸ்ட்ரைக்கர் 31 கோல் அடித்தார், அதனால்தான் என்பது பலரும் சொல்லும் பதில். தப்பில்லை, ஆனால் பாதி பதில். அந்த 31 கோலுக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் அந்த வருஷத்து நாட்காட்டி. அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

54 நாளில் அடுத்த சீசன்

வி-லீக் வெகுகாலமாகக் காலண்டர் வருஷத்தோடு ஒட்டியே நடந்தது. டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டை ஒட்டி ஆரம்பித்து, இலையுதிர் காலத்தில் முடியும். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் கிளப் போட்டிகளை 2023–24 முதல் ஐரோப்பா மாதிரி செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடையில் முடிப்பதாக மாற்றியது. இதனால் விசித்திரமான நிலைமை உண்டானது. 2022-இல் சாம்பியனான ஹனோய் எஃப்.சி., அதற்குப் பரிசாகக் கிடைத்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடத்தில் ஆட இறங்கியது 2023 செப்டம்பரில். நடுவில் முழுசாக இன்னொரு வி-லீக் சீசனே ஆடி முடித்தாகிவிட்டது. ஜெயித்த அணி ஒன்று, ஆடப் போன அணி வேறொன்று என்கிற அளவுக்கு ஆட்கள் மாறியிருந்தார்கள்.

லீக்கை நடத்துவது வி.பி.எஃப். என்ற நிறுவனம். 2011-இல் உருவானது, தேசியக் கால்பந்துச் சம்மேளனமும் கிளப்புகளும் பங்குதாரர்கள். அவர்கள் எடுத்த முடிவு: 2023 சீசனைக் குறுக்கி ஆகஸ்டுக்குள் முடிப்பது, உடனே அக்டோபரில் புது சீசனைத் தொடங்குவது.

குறுக்கிய கணக்கைப் பார்த்தால் அதன் வலி தெரியும். 14 அணிகள் ஒருவரோடொருவர் இரண்டு முறை ஆடினால் 182 ஆட்டம். 2023-இல் ஒரே ஒரு முறை ஆடினார்கள்: 91 ஆட்டம். பிறகு பட்டியலை வெட்டி, முதல் 8 அணிகள் பட்டத்துக்கு ஒரு குழுவாகவும், கடைசி 6 அணிகள் இரண்டாம் பிரிவுக்குக் கீழிறங்காமல் தப்பிக்க ஒரு குழுவாகவும் பிரிந்தன. முதல் குழுவில் 28, இரண்டாவதில் 15. மொத்தம் 134. மேல் குழுவில் ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டம், கீழ்க் குழுவில் 18. ஒரு முறை மட்டும் மோதுவதால் யாருடைய மைதானத்தில் மோதுகிறோம் என்பது அட்டவணையின் தயவு. 13 ஆட்டத்தில் ஒருவருக்கு 7 சொந்த மைதானத்தில், இன்னொருவருக்கு 6. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அந்த சீசனில் கோங் ஆன் ஹனோயும் ஹனோய் எஃப்.சி.யும் ஆளுக்கு 38 புள்ளியில் நின்று, கோல் வித்தியாசத்தில்தான் பட்டம் தீர்மானமானது. அதுவும் இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே வந்த அணிக்கு. அவ்வளவு நெருக்கமான பந்தயத்தில் ஒரு சொந்த மைதான ஆட்டம் கூடுவதும் குறைவதும் சின்ன விஷயமே அல்ல.

2023 சீசன் ஆகஸ்ட் 27-இல் முடிந்தது. அடுத்தது அக்டோபர் 20-இல் தொடங்கியது. சரியாக 54 நாள். அதற்குள் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு, ஒப்பந்தப் புதுப்பிப்பு, வெளிநாட்டவரைப் பிடிப்பது, உடற்பயிற்சி முகாம் எல்லாம் நடந்தாக வேண்டும். வழக்கமாக இரண்டரை மூன்று மாதம் எடுக்கும் வேலை. இந்தச் சந்தில் முன்கூட்டியே ஆள் பிடித்து வைத்திருந்த கிளப் யாரோ அவர்களுக்குத்தான் லாபம்.

பதினான்கு அணி, மூன்று வானிலை

இந்த சீசனின் 14 அணிகளையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். ஹனோயில் மூன்று. ஹை போங், நாம் டின், தான் ஹோவா, வின் நகரத்தில் ஆடும் சோங் லாம் ஙெ ஆன், ஹா தின் என்று வடக்கிலும் வட-நடுப்பகுதியிலும் இன்னும் ஐந்து. ஆக, எட்டு அணிகள் நாட்டின் மேல்பாதியில். நடுப்பகுதியில் குவாங் நாம், பின் டின், கான் ஹோவா. மலைமேல் பிளேய்குவில் ஹோவாங் ஆன் ஜா லாய். தெற்கே பின் டுவாங், ஹோ சி மின் நகரம், அவ்வளவுதான்.

நாம் டின்னுக்கு இதில் என்ன சௌகரியம் என்றால், வெளி ஆட்டங்களில் பாதிக்கு மேல் பஸ்ஸிலேயே போய் வரலாம். ரசிகர்களும் பின்னாடியே பஸ் பிடித்து வருவார்கள். ஹனோயிலோ தான் ஹோவாவிலோ ஆடினால் எதிரணி மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க நாம் டின் கூட்டம் உட்கார்ந்திருக்கும். சொந்த மைதானமான தியென் ட்ரூவாங்கின் கொள்ளளவு சுமார் 30,000. லீக்கிலேயே அதிகக் கூட்டம் சேரும் இடங்களில் ஒன்று. இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தடைசெய்யப்பட்ட தீப்பந்தங்களைக் கொளுத்தி, கிளப்புக்கு அபராதம் வாங்கிக் கொடுப்பதில் நாம் டின், ஹை போங் ரசிகர்கள் பேர் போனவர்கள். 2019 செப்டம்பரில் ஹனோயின் ஹாங் டாய் மைதானத்தில் நாம் டின் பகுதியிலிருந்து பறந்த தீக்குழல் ஒரு பெண் பார்வையாளரைக் காயப்படுத்தியது பெரிய விவகாரமானது.

கான் ஹோவாவின் நிலைமை நேர் எதிர். நா ட்ராங் கடற்கரையிலிருந்து அந்த எட்டு அணிகளோடு ஆட வடக்கே விமானம் ஏறியாக வேண்டும். கையில் காசில்லாத கிளப்புக்குப் பயணச் செலவும் அதிகம்.

நாட்காட்டி மாறியதும் வானிலையும் இடம் மாறியது. பழைய முறையில் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஆட வேண்டியிருந்தது. புது முறை அதிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடுக்கடலோரத்தில் மழை, வெள்ளக் காலம். குவாங் நாமின் டாம் கி, பின் டின்னின் குவி ஞோன் மாதிரி ஊர்களில் புல் தண்ணீரில் மிதக்கும். தரையோடு பாஸ் ஆடும் அணி பந்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே நாள் முழுக்கச் சாரல் மழை. மே மாதம் வந்தால் ஙெ ஆன், ஹா தின் பக்கம் 'லாவோஸ் காற்று' அடிக்கும். மேற்கு மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட அனல் அது; மாலை ஐந்து மணிக்கும் தரை கொதிக்கும். ஆட்டங்களை ஐந்து, ஆறு, ஏழேகால் மணி என்று மாலைக்குத் தள்ளியதற்கு டிவி மட்டும் காரணமில்லை.

சீசன் நடுவில் ஏழு வாரப் பள்ளம்

அக்டோபர் 20 முதல் ஜூன் 30 வரை எண்ணினால் 36 வாரம். சுற்றுகள் 26. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். தேசிய அணியின் தேதிகளை அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள். ஜனவரி 12 முதல் கத்தாரில் ஆசியக் கோப்பை. அது முடிந்த அதே பிப்ரவரி 10-இல் டெட் பண்டிகை. ஆக, டிசம்பர் கடைசியில் எட்டுச் சுற்று முடிந்து நின்ற லீக், பிப்ரவரி நடுவில்தான் மறுபடி எழுந்தது. பிறகு மார்ச்சில் இந்தோனேசியாவோடு இரண்டு தகுதி ஆட்டம், ஏப்ரலில் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, ஜூன் 6, 11 தேதிகளில் பிலிப்பைன்ஸ், ஈராக். மிச்சம் 18 சுற்றையும், நடுநடுவே தேசியக் கோப்பை ஆட்டங்களையும், சுமார் 19 வாரத்துக்குள் திணிக்க வேண்டும். கடைசிச் சுற்றுகள் ஜூனில் மூச்சுவிடாமல் வந்ததற்கு இதுதான் காரணம்.

ஏழு வார இடைவெளி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. தேசிய அணிக்கு ஆள் அனுப்பிய கிளப்பில் கோச்சுக்கு முக்கால்வாசி அணிதான் கையில் இருக்கும். போனவர்கள் களைத்து வருவார்கள், சிலர் காயத்தோடு. அந்தக் குளிர்காலத்தில் மனக்காயமும் சேர்ந்தது. கோச் பிலிப் ட்ரூசியேவின் வியட்நாம் ஆசியக் கோப்பையில் ஜப்பானிடம் 2-4, இந்தோனேசியாவிடம் 0-1, ஈராக்கிடம் 2-3 என்று மூன்றிலும் தோற்றுத் திரும்பியது. மார்ச் 26-இல் சொந்த மண்ணில், ஹனோயின் மீ டின் மைதானத்தில், இந்தோனேசியாவிடம் 0-3. அன்றே ட்ரூசியேவின் வேலை போனது. இந்தத் தோல்விகளைத் தோளில் சுமந்துகொண்டு கிளப்புக்குத் திரும்பியவர்களில் ஹனோய் கிளப்புகளின் ஆட்கள்தான் அதிகம்.

இடைவெளி இன்னொரு வேலையும் செய்தது. கோச்சை மாற்ற அது வசதியான நேரம். எட்டுச் சுற்றின் முடிவில் பட்டியலின் அடியில் கிடந்த ஹோவாங் ஆன் ஜா லாயை விட்டு, தாய்லாந்தின் கியாத்திசுக் சேனாமுவாங் விலகி, நடப்பு சாம்பியன் கோங் ஆன் ஹனோய்க்குப் போனார். அந்த நாற்காலி அதற்கு முன்பே ஒருமுறை காலியானது, சீசன் முடிவதற்குள் மறுபடியும் காலியானது. ஹனோய் எஃப்.சி.யில் பாண்டோவிச், தற்காலிகமாக டின் தெ நாம், பிறகு ஜப்பானின் இவாமாசா என்று ஒரே சீசனில் மூன்று பேர். ஒவ்வொரு கோச்சும் தன் முறையைப் புகுத்த நான்கைந்து ஆட்டம் கேட்பார். 26 ஆட்ட லீக்கில் அப்படி இரண்டு தடவை கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நாம் டின்னில் கோச் வூ ஹோங் வியட் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இருந்தார். தேசிய அணி மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு அங்கே ஆட்களும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய கோல் இயந்திரத்தை எந்தத் தேசிய அணியும் கூப்பிடாது. இடைவெளியில் மற்றவர்கள் கத்தாரில் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது, ரஃபேல்சனும் அணியின் இன்னொரு வெளிநாட்டவரான ஹென்ட்ரியோவும் கிளப்போடுதான் இருந்தார்கள்.

அணி எங்கிருந்து வந்தது

நாம் டின் ஒன்றும் பரம்பரைப் பணக்காரர் இல்லை. 2017-இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. மறு வருஷமே ப்ளே-ஆஃப் (கீழிறங்குவதா தங்குவதா என்று தீர்மானிக்கும் ஆட்டம்) ஆடித்தான் பிழைத்தது. அப்போதைய ஸ்பான்சர் உள்ளூர் மருந்துக் கம்பெனி. பிறகு சுவான் தியென் குழுமம் வந்தது. மாகாணத்தில் உருக்காலைத் திட்டம் வைத்திருப்பவர்கள். கிளப்பின் பெயரும் 'தெப் சான் நாம் டின்' ஆனது. 'தெப் சான்' என்றால் பச்சை எஃகு. வி-லீக்கில் ஒரு கிளப்பின் பெயரைப் படித்தாலே பணம் எங்கிருந்து வருகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

அந்தப் பணத்தை எங்கே செலவழித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு அணியும் மூன்று வெளிநாட்டவரையும், கூடவே குடியுரிமை பெற்ற ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. ஆசியப் போட்டிகளில் ஆடுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்றே இடம் என்பதால் ஒன்று தப்பினாலும் சீசன் சாயும். புது நாட்டிலிருந்து வீடியோ பார்த்து ஆள் இறக்கும் கிளப்புகள் இதில்தான் மாட்டிக்கொள்ளும். வருகிறவருக்கு ஈரப்பதம் ஒத்துக்கொள்ளாது, புல் ஒத்துக்கொள்ளாது, வந்து மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்.

நாம் டின் அந்தச் சூதாட்டத்துக்குப் போகவில்லை. ரஃபேல்சன் 2020-இல் முதன்முதல் வியட்நாமுக்கு வந்ததே நாம் டின் சட்டையில்தான். பிறகு டா நாங், அப்புறம் பின் டின். 2023-இல் பின் டின்னுக்காக 16 கோல் அடித்து லீக்கின் அதிக கோல் பட்டத்தை வாங்கியவர். அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பாஸ் கொடுக்கும் ஹென்ட்ரியோவும் பின் டின்னில் ஆடித் தேறியவர்தான். நாடும் தெரியும், லீக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் ஓட்டமும் தெரியும். 54 நாள் தயாரிப்பில் மற்றவர்கள் பழகிக்கொண்டிருந்ததை இவர்கள் பழகத் தேவையே இல்லை.

உள்நாட்டு ஆட்களிலும் அதே புத்திதான். வேகத்துக்குப் பெயர்போன நுயென் வான் தோவான், இடதுபக்கத்துக்கு ஹோங் டுய், சீசன் நடுவில் வந்த துவான் ஆன். மூவரும் 2007-இல் பிளேய்குவில் தொடங்கிய ஹோவாங் ஆன் ஜா லாய் அகாடமியின் முதல் தொகுதி மாணவர்கள். சிறுவயதிலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். ஜா லாய் பத்து வருஷமாகப் பயிரிட்டதை நாம் டின் அறுவடை செய்தது என்று பிளேய்குக்காரர்கள் முனகினால் அதில் நியாயம் உண்டு.

ஆட்டமுறை சிக்கலானது இல்லை. பந்தைப் பறித்ததும் ஹென்ட்ரியோவுக்கு. அவர் தலை தூக்குவதற்குள் ரஃபேல்சன் எதிரணியின் இரண்டு சென்டர்-பேக்குகளுக்கு (நடுத் தற்காப்பாளர்கள்) நடுவே ஓடத் தொடங்கியிருப்பார். வான் தோவான் வலதுபக்கம் இழுத்து ஓடுவதால் எதிரணியின் ஃபுல்-பேக் (ஓரத் தற்காப்பாளர்) உள்ளே வந்து உதவ முடியாது. தோளோடு தோள் மோதலில் ரஃபேல்சனை நிறுத்தக்கூடிய உள்நாட்டு டிஃபெண்டர்கள் லீக்கில் மிகக் குறைவு. மூன்று வெளிநாட்டு இடத்தையும் தாக்குதலுக்கே செலவழித்த கிளப்புகள் அவருக்கு எதிராக உள்நாட்டவரைத்தான் நிறுத்தியாக வேண்டும். விதியின் இந்த ஓட்டைதான் அவருடைய சுரங்கம். முடிவில் 31 கோல். வி-லீக்கில் ஒரே சீசனில் இவ்வளவு யாரும் அடித்ததில்லை. அணி அடித்ததில் ஏறத்தாழப் பாதி.

தற்காப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோல் வாங்குவார்கள், அதைவிட ஒன்று கூட அடிப்பார்கள். முடிவில் 26 ஆட்டத்தில் 53 புள்ளி. பின் டின் 47, ஹனோய் எஃப்.சி. 43. ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு புள்ளி என்பதுதான் இங்கே சாம்பியன் விலை. முந்தைய சீசனின் 20 ஆட்டத்துக்கு 38 புள்ளியும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நன்றாக ஆடும் அணியும் கணிசமாகத் தோற்கும் லீக் இது. தொடர்ச்சியாக மூன்று ஆட்டம் சொதப்பாமல் இருப்பவருக்கே பட்டம்.

வண்டியில் வரும் நீதி

வி.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் முறை 2023 சீசனின் இரண்டாம் கட்டத்தில் வி-லீக்குக்கு வந்தது. 2023–24 அதை முதல் நாளிலிருந்து பயன்படுத்திய முதல் சீசன். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் இல்லை, தேர்ந்தெடுத்த ஆட்டங்களுக்கு மட்டும்.

காரணம் எளிது. அப்போது மைதானங்களில் இதற்கென நிரந்தர அறை இருக்கவில்லை. திரைகளும் கணினிகளும் பொருத்திய வேன் ஒன்று மைதானத்துக்கு வெளியே வந்து நிற்கும். உள்ளே வீடியோ நடுவர், உதவி நடுவர், காட்சியைப் பின்னோட்டி எடுத்துத் தரும் ஆபரேட்டர். கேமராக்களின் கேபிள் வேனுக்கு வர வேண்டும், களத்து ரெஃப்ரியின் மைக்கோடு இணைப்பு சோதிக்க வேண்டும், கோட்டோரம் ஒரு திரை வைக்க வேண்டும். அப்போது வேன்கள் கொஞ்சம்தான், ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்குச் சாலைவழி சுமார் 1,700 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை ஹனோய், ஞாயிற்றுக்கிழமை ஹை போங் என்றால் ஒரே வேன் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பிளேய்குவில் என்றால், மலைப்பாதை ஏறி வந்து சேருமா என்பதே கேள்வி.

கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும்தான் அப்போது வி.ஏ.ஆர். தலையிட்டது. ஆனால் அந்த நான்கும் ஓர் அணிக்கு ஒரு வாரம் பரிசோதிக்கப்பட்டு, மறுவாரம் ரெஃப்ரியின் கண்ணை மட்டும் நம்பித் தீர்மானமாகும்போது, ஒரே லீக்கில் இரண்டு விதமான நீதி ஓடியது. கீழிறங்கும் சண்டையில் இருக்கும் சிறு அணிகளின் ஆட்டத்துக்கு வேன் வருவது அரிது, பட்டப் போட்டியில் இருக்கும் பெரிய அணிகளின் ஆட்டங்களுக்கே வரும் என்ற புகார் எழுந்ததில் ஆச்சரியமில்லை.

கையில் வைக்கும் பணம்

கடைசி இடத்துக்குப் போனால் கால்பந்தை விட்டுக் கணக்குப் புத்தகத்துக்குப் போக வேண்டும். கான் ஹோவா ஆட்டக்காரர்கள் சீசனுக்கு நடுவே சம்பள பாக்கிக்காகப் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். சீசன் முடிவில் அந்த அணி 14-ஆம் இடத்தோடு நேரே கீழிறங்கியது.

வியட்நாம் ஒப்பந்தங்களில் பாக்கி எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆட்டக்காரரின் வருமானம் இரண்டு பகுதி. ஒன்று மாதச் சம்பளம். இன்னொன்று 'லோட் டை', கையெழுத்துப் போடும்போது கையில் வைக்கும் பணம். பெயரைக் கேட்டால் சில்லறை மாதிரி இருக்கும். பெயர்பெற்ற உள்நாட்டு ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளத்தைவிட இதுதான் பெரிய தொகை. மூன்று வருஷ ஒப்பந்தம் என்றால் வருஷத்துக்கு ஒரு தவணை என்று பிரிப்பார்கள். கணக்கு புரிய ஓர் உதாரணத் தொகை: மாதம் 4 கோடி டோங் (வியட்நாம் நாணயம்) சம்பளம், வருஷத்துக்கு 150 கோடி டோங் லோட் டை. வருஷம் முழுக்கச் சம்பளம் சேர்ந்தாலும் 48 கோடிதான். ஸ்பான்சர் பணம் தாமதமானால் கிளப் முதலில் நிறுத்துவது லோட் டையை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்து, ஜெயித்தால் தரும் போனஸ் நிற்கும். சம்பளமே நிற்கும் நாளில்தான் செய்தி ஆகும். அதற்குள் ஆட்டக்காரருக்கு வர வேண்டியதில் முக்கால் பங்கு ஏற்கனவே போய்விட்டிருக்கும்.

வெளிநாட்டவர் ஃபிஃபாவுக்குப் புகார் எழுதினால் கிளப்புக்கு ஆள் பதிவுசெய்யத் தடை வரும். அந்தப் பயத்தில் இருக்கிற காசு முதலில் அவர்களுக்குப் போகும். உள்நாட்டுப் பையன் காத்திருப்பான்.

பரிசுப் பணம் காப்பாற்றுமா? இந்த சீசனில் சாம்பியனுக்கு 500 கோடி டோங், இரண்டாம் இடத்துக்கு 300 கோடி. கோடிக் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். 500 கோடி டோங் என்பது சுமார் இரண்டு லட்சம் அமெரிக்க டாலர். மேலே சொன்ன லோட் டை கணக்கில் மூன்று ஆட்டக்காரருக்கு ஒரு வருஷம் கொடுத்தால் தீர்ந்தது. பட்டம் வென்றாலும் கிளப் தன் காலில் நிற்காது. மாகாண அரசும் உள்ளூர்த் தொழிலதிபரும் மனம் வைக்கும்வரைதான்.

கீழே ஓர் அணி மட்டும் நேரடியாக இறங்கும், 13-ஆவது அணி இரண்டாம் பிரிவின் இரண்டாமிடத்தோடு ப்ளே-ஆஃப் ஆடும் என்பதும் இந்த சீசனின் விதி. ஹா தின் அந்த ஒற்றை ஆட்டத்தில் பி.வி.எஃப்.-காண்டை வென்று தப்பியது. இரண்டாம் பிரிவை வென்ற டா நாங் ஒரே வருஷத்தில் மேலே திரும்பியது. ஒன்றரை இடம் மட்டுமே ஆபத்தில் இருந்தால் நடுப்பட்டியலுக்குக் கடைசி ஐந்தாறு சுற்றில் பணயம் ஏதும் இருக்காது. தேவைப்பட்டவர் புள்ளி 'கேட்பார்', தேவையில்லாதவர் 'கொடுப்பார்' என்ற பழைய சந்தேகத்தை ரசிகர்கள் விடாமல் பேசுவது இதனால்தான்.

அடுத்த வருஷம்

ரஃபேல்சன் 2024 செப்டம்பரில் வியட்நாம் குடியுரிமை பெற்று நுயென் சுவான் சோன் ஆனார். டிசம்பரில் தேசிய அணிக்கு ஆடத் தகுதி வந்ததும் தென்கிழக்காசியக் கோப்பையில் 7 கோல் அடித்தார். 2025 ஜனவரி 5-இல் பாங்காக்கில் நடந்த இரண்டாவது இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் அவர் கால் முறிந்தது. வியட்நாம் கோப்பையை வென்றது. எந்தத் தேசிய அணியும் கூப்பிடாத ஆள் என்ற சௌகரியம் நாம் டின்னுக்கு ஒரே சீசனில் முடிந்தது. ஆனாலும் 2024–25 பட்டத்தையும் அவர்களே 57 புள்ளியோடு வென்றார்கள். அவர் இல்லாத பாதி சீசனைத் தாண்ட ஆள்பலம் அதற்குள் சேர்ந்திருந்தது.

இரண்டாமிடம் வந்த பின் டின்னின் கதை வேறு. ஸ்பான்சர் கையை இழுத்துக்கொண்டார், ஆட்கள் கலைந்தார்கள். தேசிய அணி கோல்கீப்பர் டாங் வான் லாம் இரண்டாம் பிரிவிலிருந்த நின் பின் கிளப்புக்கே இறங்கிப் போனார். இரண்டாமிடம் பிடித்த அந்த அணி, அடுத்த சீசனைக் கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது. வான் லாமைக் கூட்டிப்போன நின் பின்னோ, இரண்டாம் பிரிவை வென்று வி-லீக்குக்கு ஏறியது.

2025 ஜூலை 1-இல் வியட்நாம் மாகாணங்களை இணைத்தபோது ஹா நாம், நாம் டின், நின் பின் மூன்றும் மறுபடி ஒன்றாயின. 1985 சாம்பியனின் சட்டையில் இருந்த அதே எல்லை, பெயர் மட்டும் இப்போது நின் பின் மாகாணம். அந்த ஒரே மாகாணத்துக்குள் 2025–26 சீசனில் வி-லீக் அணிகள் இரண்டு இருந்தன: நாம் டின், நின் பின்.